இந்த மாதப் பாடம்: ஒரு ராத்திரி, ரெண்டு பகல் – நமக்காக ஒரு பயணம்



போன இதழ்களில் தீர்மான நோட்டு எழுதுவது, உள்கடன் வட்டி போடுவது, வங்கிக் கடன் தவணை என்று கணக்குப் பாடமாகவே படித்தோம். இந்த மாதம் கொஞ்சம் வேறு பாடம். "இதெல்லாம் ஒரு பாடமா?" என்று சிலர் சிரிக்கலாம். சிரித்துவிட்டே படியுங்கள். குழுக் கூட்டத்தில் ஒருவர் சத்தமாக வாசிக்க, மற்றவர்கள் கேட்டுப் பேசுவது நல்லது.

ஒரு கேள்வியில் ஆரம்பித்தது

2024 சித்திரை மாதம். சாத்தூர் பக்கம் நம் குழு ஒன்றின் கூட்டத்துக்குப் போயிருந்தோம். 14 உறுப்பினர்கள். பாதிப் பேர் தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகிறவர்கள், மீதிப் பேர் காட்டு வேலை, ஆடு மாடு. சேமிப்பு வசூல் முடிந்ததும் சும்மா பேச்சுவாக்கில் ஒரு கேள்வி கேட்டோம்.

"கடைசியா எப்போ வீட்டை விட்டு வெளியில ராத்திரி தங்கினீங்க?"

ஆளாளுக்குச் சொன்னார்கள். மகள் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் நாலு ராத்திரி. மாமியாருக்குக் கண் ஆபரேஷன். தம்பி இறந்தபோது. நாத்தனார் வீட்டுக் கல்யாணத்தில் விடிய விடியக் காய் நறுக்கியது.

"அதெல்லாம் மத்தவங்களுக்காகத் தங்கினது. உங்களுக்காக, சும்மா, சந்தோஷத்துக்குன்னு ஒரு ராத்திரி?"

யாரும் பேசவில்லை. அப்புறம் ஓர் அக்கா, 52 வயது இருக்கும், "சந்தோஷத்துக்கு யாராவது போய்ப் படுப்பாங்களா மேடம்?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இந்தப் பாடம்.

கிணறு ஊற வேண்டாமா?

மானாவாரிப் பூமிக்காரர்களுக்குக் கிணற்றைப் பற்றி நாங்கள் சொல்லித்தர வேண்டியதில்லை. மோட்டார் நாள் முழுக்க ஓடினால் சாயங்காலம் தண்ணீர் அடிமட்டத்துக்குப் போய்விடும். அதற்கு மேலும் ஓட்டினால் மோட்டார்தான் புகையும். ராத்திரி நிறுத்திப் போட்டால் காலையில் தண்ணீர் ஊறி நிற்கும். யாரும் ஊற்றி வைப்பதில்லை, தானாகவே ஊறுகிறது. ஆனால் நிறுத்தினால்தான் ஊறும்.

நம் உடம்பும் மனசும் அப்படித்தான். நாம் நிறுத்துகிறோமா? காலையில் குழாய்த் தண்ணீர், வாசல், அடுப்பு, பிள்ளைகள், வேலை. திரும்பி வந்தால் மறுபடி அடுப்பு, பாத்திரம். படுத்த பிறகும் தவணைக் கணக்கு மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கும்.

இது நம் ஊர்க் கதை மட்டுமில்லை. மத்திய அரசின் புள்ளியியல் அலுவலகம் 2019-ல் நாடு முழுக்க மக்கள் ஒரு நாளை எப்படிக் கழிக்கிறார்கள் என்று கணக்கெடுத்தது. 100 பெண்களில் 81 பேர் அன்றாடம் சம்பளமில்லாத வீட்டு வேலை செய்கிறார்கள். ஆண்களில் 26 பேர். அப்படிச் செய்கிற பெண் ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிடம், அதாவது 5 மணி நேரம், அதிலேயே நிற்கிறாள். ஆண் 97 நிமிடம். கூலி வேலை இதில் சேராது, அது தனி.

வீட்டில் இருந்துகொண்டே ஓய்வெடுக்கலாமே என்று கேட்பீர்கள். எடுக்கலாம், நல்லதுதான். ஆனால் வீட்டில் உட்கார்ந்தால் கண் ஒட்டடையில் போய் நிற்கும். "அம்மா, என் சட்டை எங்கே?" என்று குரல் வரும். நாம் எழுந்துவிடுவோம். ஒரு ராத்திரியாவது வேறு ஊரில் இருந்தால்தான் அந்தக் குரல் எட்டாது. அதற்குத்தான் இந்தச் சின்னப் பயணம்.

எது ஓய்வு, எது ஓய்வு இல்லை?

"நாங்க வருஷா வருஷம் குலதெய்வம் கோயிலுக்குப் போறோமே" என்று சிலர் சொல்வீர்கள். நல்ல காரியம். ஆனால் யோசித்துப் பாருங்கள். அங்கே பொங்கல் வைப்பது யார்? கிடா வெட்டிய பிறகு 40 பேருக்கு மசால் அரைப்பது யார்? அடுப்பங்கரையையே வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் இறக்குகிறோம். அது கடமை, ஓய்வு இல்லை.

கூட்டமைப்பு நடத்தும் கண்டுணர் சுற்றுலாவும் ஓய்வு இல்லை. மண்புழு உரம் பார்த்து, குறிப்பெடுத்து, வந்து அறிக்கை கொடுக்க வேண்டும். அது படிப்பு.

நாம் இப்போது பேசுவது மூன்றாவது வகை. சமைக்க வேண்டாம், கற்க வேண்டாம், அறிக்கை எழுத வேண்டாம். போய், சாப்பிட்டு, பேசி, தூங்கி, திரும்பி வருவது.

இது நம் பெண்களுக்குப் புதுசும் இல்லை. சிவப்புச் சேலை கட்டி மேல்மருவத்தூருக்கு, பாதயாத்திரையாக வேளாங்கண்ணிக்கு, நாகூர் கந்தூரிக்கு என்று பெண்கள் கூட்டமாகப் போய்த் தங்கி வருவது பல காலமாக நடக்கிறது. திரும்பி வரும்போது முகத்தில் ஒரு தெளிச்சி இருக்கும். சாமி கொடுத்தது பாதி என்றால், கூட வந்த தோழிகள் கொடுத்தது மீதி.

முதலில் நாங்கள் செய்த தவறு

சரியாகச் செய்ததை மட்டும் சொன்னால் பாடம் ஆகாது. 2019-ல் வேறொரு குழுவோடு முதன்முதலாக ஒரு பயணம் போட்டோம். வேன் பிடித்து, இரண்டே நாளில் நவதிருப்பதி ஒன்பது கோயில், திருச்செந்தூர், கன்னியாகுமரி. "காசு கொடுக்கிறோம், முடிஞ்ச அளவு பார்த்துடுவோம்" என்று நினைத்தோம்.

ராத்திரி 2 மணிக்கு எழுந்து எல்லோரும் புளியோதரை கிண்டினார்கள். மதியத்துக்குள் பாதிச் சோறு கெட்டுப்போனது. வேனில் நாலு பேருக்கு வாந்தி. ஒவ்வொரு கோயிலிலும் "சீக்கிரம், சீக்கிரம்" என்று விரட்டியது நாங்கள்தான். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் காய்ச்சலில் கிடந்தவர்களும் உண்டு. அதைவிடப் பெரிய தப்பு, வேன் வாடகைக்குப் பலர் உள்கடன் எடுத்தார்கள். பயணம் இரண்டு நாளில் முடிந்தது, தவணை பத்து மாதம் ஓடியது. "இனிமே டூர்னு சொல்லாதீங்க மேடம்" என்றே சொல்லிவிட்டார்கள்.

அதில் நாங்கள் கற்றது மூன்று விஷயம்:
1. ஒரு ராத்திரி என்றால் ஒரே ஊர்.
2. யாரும் சமைக்கக் கூடாது.
3. கடன் வாங்கிப் போகக் கூடாது. குழுக் கடனும் வேண்டாம், வெளியில் வாரத் தவணைக் கடன் வேண்டவே வேண்டாம்.

பணம் எப்படிச் சேர்ந்தது?

சாத்தூர்க் குழு இந்த மூன்றையும் தீர்மானமாகவே எழுதியது. வழக்கமான சேமிப்பைத் தொடாமல், தனியாக வாரம் 25 ரூபாய். 40 வாரத்தில் தலைக்கு 1,000 ரூபாய், 14 பேருக்கு 14,000 ரூபாய். தனி நோட்டு, இரண்டு பேர் கையெழுத்து.

போட்ட திட்டம் இது:
– ரயில் டிக்கெட், போக வர, தலைக்கு 160 வீதம்: 2,240
– தங்கும் அறை 3, அறைக்கு 1,500 வீதம்: 4,500
– இரண்டு நாள் சாப்பாடு, டீ, தலைக்கு 300 வீதம்: 4,200
– படகு, தலைக்கு 100 வீதம்: 1,400
– மொத்தம்: 12,340
– அவசரத்துக்குக் கையிருப்பு: 1,660

ஊருக்கு ஊர் கட்டணம் மாறும். இதை அப்படியே எழுதிக்கொள்ளாமல், நீங்கள் போகும் இடத்தில் விசாரித்து உங்கள் கணக்கைப் போடுங்கள். கூட வந்த எங்கள் செலவை நாங்களே பார்த்துக்கொண்டோம்.

இதில் ஒரு சிக்கல் வந்தது. கணவரை இழந்த ஓர் அக்காவால் வாரம் 10 ரூபாய்க்கு மேல் முடியவில்லை. "நான் வரலை, நீங்க போய்ட்டு வாங்க" என்றார். ஊக்குநர் அவரிடம் பேசவில்லை, குழுவிடம் பேசினார். கூட்டத்துக்குத் தாமதமாக வருகிறவர்கள் கட்டும் அபராதப் பணம் சேர்ந்து கிடந்தது. "பயணத்துக்கு யாருக்குக் குறைந்தாலும் அபராத நிதியிலிருந்து நிரப்புவது" என்று பொதுவாகத் தீர்மானம் போட்டார்கள். தீர்மானத்தில் அவர் பெயர் இல்லை. அவர் கட்டியது 400, நிதி கொடுத்தது 600. யாருக்காக என்று யாரும் கேட்கவில்லை. உதவி செய்வது பெரிசு இல்லை, வாங்குகிறவர் தலை குனியாமல் செய்வதுதான் பெரிசு.

வீட்டில் எப்படிப் பேசுவது?

உண்மையைச் சொன்னால், பணத்தைவிட இதுதான் கஷ்டம்.

பொய் சொல்லிவிட்டுப் போகாதீர்கள். "பயிற்சிக்குப் போறேன்" என்று சொல்லிவிட்டுப் போனால், அடுத்து நிஜமான பயிற்சிக்கும் விட மாட்டார்கள். முதல் நாள் ராத்திரி சொல்லாமல், ஒரு மாதம் முன்பே சொல்லுங்கள். தேதி, ஊர், கூட வருகிறவர்கள், தங்கும் இடம் எல்லாம் ஒரு தாளில் எழுதி வீட்டில் கொடுங்கள்.

ஒரு வீட்டில் நடந்த பேச்சு இது:

"ரெண்டு நாள் நீ இல்லாட்டி சோத்துக்கு என்ன செய்ய?"

"மாவு ஆட்டி வச்சுட்டுப் போறேன். தோசை உங்களுக்குச் சுடத் தெரியும். கல்யாணத்துக்கு முன்னாடி திருப்பூர்ல சமைச்சுதான சாப்பிட்டீங்க?"

"மாட்டுக்கு யார் தண்ணி காட்டுவா?"

"பக்கத்து வீட்டு மதினி பார்த்துக்கிறாங்க. அவங்க குழு போறப்ப நான் பார்த்துக்குவேன்."

கடைசியில் அவர், "சரி, பத்திரமா போய்ட்டு வா" என்றார். ஆடு மாட்டுக்கும் வயசானவர்களுக்கும் இப்படிக் குழுவுக்குக் குழு மாற்றி உதவிக்கொண்டால் வேலை சுலபம். மாமியாரும் மருமகளும் ஒரே வீட்டில் இருந்தால், ஒரு வருஷம் ஒருவர், அடுத்த வருஷம் மற்றவர். மருமகள் முதலில் போனாலும் குடி முழுகாது.

எல்லா வீட்டிலும் இப்படி முடியவில்லை. புறப்படும் அன்று காலையில் ஒரு தங்கை வரவில்லை. பையெல்லாம் எடுத்து வைத்திருந்தார். வீட்டில் வேண்டாம் என்றுவிட்டார்கள். நாங்கள் வாசலில் நின்று சண்டை போடவில்லை. போட்டிருந்தால் அதன் விலையை அவர்தான் கொடுத்திருப்பார். அவர் பணம் 1,000 ரூபாயை முழுதாகத் திருப்பிக் கொடுத்தது குழு. அடுத்த பயண நோட்டில் அவர் பெயரையே முதலில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

கன்னியாகுமரியில்

2025 பிப்ரவரி. பொங்கல் முடிந்து, காட்டில் அறுப்பும் ஓய்ந்திருந்த நேரம். சாத்தூரிலிருந்து 13 பேர் ரயிலேறினார்கள். கோவில்பட்டி, திருநெல்வேலி, வள்ளியூர் தாண்டி, ஆரல்வாய்மொழிப் பக்கம் மலையடிவாரத்தில் காற்றாலைகள் வரிசையாகச் சுற்றுவதைப் பார்த்ததும் பிள்ளைகள் மாதிரி ஜன்னல் பக்கம் குவிந்தார்கள். மதியம் ஓட்டல் சாப்பாடு. ஒருவர் எச்சில் இலையை எடுக்கப் போனார். "அக்கா, இங்க அதுக்கு ஆள் இருக்கு, உக்காருங்க" என்று இழுத்து உட்கார வைத்தோம்.

பல தெரு, பல சாதிப் பெண்கள் உள்ள குழு அது. ஊரில் ஒரு வீட்டில் இன்னொருவர் தண்ணீர் குடிக்க யோசிப்பார்கள். அறைக்கு யார் யார் என்று சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். வந்தபடி படுத்தார்கள். ராத்திரி 12 மணி வரை சிரிப்புச் சத்தம் கேட்டது.

மறுநாள் சூரிய உதயம் பார்க்க வேண்டும் என்பதுதான் எல்லோருக்கும் ஆசை. காலை 4 மணிக்கு, முன்னே கேள்வி கேட்ட அந்த 52 வயது அக்கா திடுக்கென்று எழுந்து உட்கார்ந்துவிட்டார். ஊரில் குழாயில் தண்ணீர் வரும் நேரம் அது. குடத்தைத் தேடியிருக்கிறார். அப்புறம்தான் எங்கே இருக்கிறோம் என்று தெரிந்திருக்கிறது. "என்ன செய்யணும்னே தெரியல மேடம். செய்ய ஒண்ணும் இல்லை. அப்படியே திரும்பப் படுத்துட்டேன்" என்று பிறகு சொன்னார்.

5.30-க்கு எல்லோரும் கிளம்பியபோது அவர் நல்ல தூக்கம். ஒருத்தர் எழுப்பப் போனார். இன்னொருத்தர் கையைப் பிடித்துத் தடுத்தார். "சூரியன் நாளைக்கும் உதிக்கும். மதினி தூங்கட்டும்." ஒருவர் அறையில் துணைக்கு இருந்துகொள்ள, மற்றவர்கள் கடற்கரைக்குப் போனார்கள். அக்கா எழுந்தபோது மணி ஏழரை. கல்யாணம் ஆனதிலிருந்து அந்த நேரம் வரை தூங்கியது அதுதான் முதல் தடவை என்றார். உதயம் பார்க்காததில் அவருக்கு ஒரு வருத்தமும் இல்லை.

பிறகு படகில் விவேகானந்தர் பாறைக்குப் போனோம். 1892 டிசம்பரில் விவேகானந்தர் தியானம் செய்த பாறை அது. மண்டபம் 1970-ல் கட்டி முடிந்தது. பக்கத்துப் பாறையில் 2000 ஜனவரி 1-ல் திறந்த திருவள்ளுவர் சிலை. குறளின் 133 அதிகாரத்துக்கு 133 அடி. அறத்துப்பால் 38 அதிகாரம், அதனால் பீடம் 38 அடி. மீதி 95 அடி சிலை. 2024 டிசம்பர் 30-ல் இரண்டு பாறைக்கும் நடுவே 77 மீட்டர் நீளத்தில் கண்ணாடிப் பாலம் திறந்தார்கள். காலுக்குக் கீழே கடல் தெரிய, கையைக் கோர்த்துக்கொண்டு 13 பேரும் நடந்தார்கள். வேறு எங்கும் போகவில்லை. சாயங்காலம் ரயில்.

பாதுகாப்புக்குச் சில குறிப்புகள்

– தங்கும் அறையை முன்பே போனில் பேசி உறுதி செய்யுங்கள். ஆதார் அட்டை அசல் எல்லோரிடமும் இருக்கட்டும்.
– முன்பதிவு ரயில் டிக்கெட் 60 நாளுக்கு முன் திறக்கும். குழுவாகப் போனால் முதல் நாளே எடுங்கள்.
– 2021 மே முதல் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில்தான். வெளியூர் பஸ்ஸில் டிக்கெட் எடுக்க வேண்டும். அதையும் கணக்கில் சேருங்கள்.
– சுகர், பிரஷர் மாத்திரையை இரண்டு நாளைக்கும் சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள். நகையை வீட்டில் வையுங்கள்.
– எங்கே போனாலும் இரண்டு இரண்டு பேராகப் போங்கள். ஏறும்போதும் இறங்கும்போதும் தலை எண்ணுங்கள்.
– கடல் பார்க்க அழகு, ஆனால் நம்பக் கூடாது. 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் அலை இழுத்து 5 மருத்துவ மாணவர்கள் இறந்துபோனார்கள். கடல் கொந்தளிப்பு எச்சரிக்கை இருக்கும் நாளில் காலைக்கூட நனைக்க வேண்டாம்.
– அவசர எண்கள்: காவல் உள்ளிட்ட எல்லா உதவிக்கும் 112, ஆம்புலன்ஸ் 108, பெண்கள் உதவி 181, ரயிலில் 139.

திரும்பி வந்த பிறகு

வீட்டுக்கு வந்தபோது தவணை அப்படியே இருந்தது. பாத்திரமும் கிடந்தது. ஒரு ராத்திரிப் பயணம் கடனை அடைக்காது, குடியை நிறுத்தாது. அப்படி நாங்கள் சொல்ல மாட்டோம். வீட்டில் அடி உதை என்றால் அதற்குச் சுற்றுலா மருந்து இல்லை, 181-ஐக் கூப்பிடுங்கள். எத்தனை நாள் ஓய்வெடுத்தாலும் மனசு எழும்பவே இல்லை, தூக்கம் வரவில்லை, வாழவே பிடிக்கவில்லை என்றால் 14416 என்ற இலவச எண்ணில் மனநல ஆலோசகரிடம் பேசுங்கள்.

மாறியது சின்னச் சின்ன விஷயங்கள்தான். ஒரு வீட்டில் ஞாயிற்றுக்கிழமை தோசை அவர் சுடுகிறார். சீட்டுக் குலுக்கலில் ஒரே அறையில் படுத்த இருவர், ஒருவர் வீட்டில் ஒருவர் டீ குடிக்கிறார்கள். அந்த அக்கா கூட்டத்தில் முன்பு வாயே திறக்க மாட்டார். இப்போது, "அடுத்த தடவை எந்த ஊரு?" என்று அவர்தான் முதலில் கேட்கிறார்.

"சந்தோஷத்துக்கு யாராவது போய்ப் படுப்பாங்களா?" என்று கேட்டாரே, அதற்கு நாங்கள் பதில் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. ஏழரை மணி வரை தூங்கி அவரே சொல்லிவிட்டார்.

குழுவில் கலந்து பேச:

1. நம் குழுவில் ஒவ்வொருவரும் தனக்காக ஒரு ராத்திரி வெளியில் தங்கியது எப்போது?
2. வாரம் எவ்வளவு தனியாகச் சேர்த்தால், நம்மில் மிகவும் கஷ்டப்படும் உறுப்பினருக்கும் முடியும்? முடியாதவருக்கு எந்த நிதியிலிருந்து நிரப்பலாம்?
3. நம் ஊரிலிருந்து அரை நாளில் போய்ச் சேரும் இடங்கள் எவை? அதில் ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.
4. நாம் இல்லாத இரண்டு நாளில் ஆடு மாடு, பிள்ளைகள், வயசானவர்களை எந்தக் குழு பார்த்துக்கொள்ளும்? அவர்களுக்கு நாம் என்ன செய்வோம்?
5. வீட்டில் விடாத உறுப்பினருக்கு, அவருக்குத் தொந்தரவு வராமல், குழு எப்படித் துணை நிற்கலாம்?

பேசி முடித்ததைத் தீர்மான நோட்டில் எழுதி, அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். எந்த ஊர் என்று தெரிந்துகொள்ள நாங்களும் ஆசையாக இருக்கிறோம்.